உச்சிக்குப் போகாத கேதார்காந்தா: கோவை மலையேற்ற நிறுவனம் ஒன்றின் குளிர்காலச் சேவை

கொங்கு நாட்டிலிருந்து பனி பார்க்க வடக்கே போகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. பொங்கல் விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்துக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களும், கோவை மென்பொருள் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களும், ஈரோட்டுக் கல்லூரி ஆசிரியர்களும் டேராடூனுக்கு விமானம் ஏறுகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி இறங்கிய கால்களுக்கு இமயத்தில் ஒரு சிகரம் எட்டாதா என்ற நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறானதன்று. ஆனால் பனி மூடிய சரிவில் நாம் மிதிக்கும் தளமே நம் எடையால் பெயர்ந்து கீழே இறங்கக்கூடியது என்பதற்கும், அது எப்போது பெயரும் என்பதற்கும் கால் வலுவுக்கும் சம்பந்தமில்லை. அந்த இடத்தில்தான் நம்மை அழைத்துச் செல்லும் நிறுவனத்தின் தரம் தெரியவருகிறது. கோவையில் இயங்கும் ஒரு சிறிய மலையேற்ற நிறுவனத்தோடு உத்தரகாண்டின் கேதார்காந்தாவுக்குச் சென்று, உச்சியைத் தொடாமல் திரும்பிய பயணத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். விளம்பரமாகவும் புகாராகவும் இது படிக்கப்படக் கூடாது என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் குறைநிறைகளை எந்த நிறுவனத்தின் மீதும் வைத்துப் பார்க்கலாம்.

கட்டணம் சந்தையில் உள்ள மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். டேராடூனிலிருந்து சாங்கிரி கிராமம் வரை வண்டி, கூடாரம், மூன்று வேளை சைவ உணவு, வழிகாட்டிகள், உள்ளூர்ச் சுமைதூக்கிகள், வாடகைக்குக் காலணியும், பனியில் வழுக்காமலிருக்க அதன் அடியில் மாட்டும் முள்சங்கிலியான மைக்ரோஸ்பைக்கும் என்று பட்டியலில் உள்ளவை எல்லோரும் தருபவைதான். கூடுதலாக இரண்டு விஷயங்கள் இருந்தன. புறப்படுவதற்கு முன் கோவையிலேயே வகுப்பு நடத்தினார்கள்; பயண நாட்களில் ஒன்றை வானிலைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பதிவு செய்யும்போது இந்த இரண்டும் எவ்வளவு பெறுமானம் உள்ளவை என்று எங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காலி நாள் ஒன்றுக்கு எதற்குப் பணம் என்று வகுப்பிலேயே ஒருவர் கேட்டார்.

வகுப்பை நடத்தியவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு சுபேதார். அந்தப் படையின் பயிற்சி மையம் நமக்குப் பக்கத்தில், குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் காவல்நிலையில் 19வது மெட்ராஸ் பட்டாலியனின் 10 வீரர்கள் பனியில் புதைந்ததையும், அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதையும் சொல்லித்தான் அவர் தொடங்கினார். அதை அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. பனிச்சரிவு ஒரே வகையானதன்று, சியாச்சினில் கடுங்குளிரில் நடந்ததற்கும் நாம் போகும் உயரத்தில் நடப்பதற்கும் காரணங்கள் வேறு என்று பிரித்துக் காட்டுவதற்காகச் சொன்னார். குளிர்ந்து தெளிந்த நாளைவிட, வெதுவெதுப்பான புயல் நாளுக்கே நாம் அஞ்ச வேண்டும் என்பது அவர் வகுப்பின் சாரம். கடுங்குளிர்தான் ஆபத்து என்று நினைத்து உள்ளாடை, கையுறை வாங்குவதில் மும்முரமாக இருந்த எங்களுக்கு அது புதிய செய்தி.

அவர் விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயத்தை வந்தடையும் காற்றழுத்த அமைப்புகளை வானிலையாளர்கள் மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். வடக்கே குளிர்காலப் பனியும் மழையும் பெரும்பாலும் அவற்றால் வருபவையே. அப்படி ஒன்று வரும்போது முன்னால் வெப்பக் காற்று வந்தால், தண்ணீர் உறையும் உயரம் மேலே ஏறிவிடுகிறது. காலையில் இலேசான, உலர்ந்த பனியாகத் தொடங்குவது மாலையில் கனத்த ஈரப்பனியாக மாறுகிறது. இன்னும் கீழே அது மழையாகவே கொட்டுகிறது. ஆக, பலவீனமான இலேசான அடுக்கின் மேல் கனமான அடுக்கு உட்காருகிறது. நவம்பர், டிசம்பரில் விழுந்த சொற்பப் பனி, பல நாள் தெளிந்த குளிரில் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணை போல ஆகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடியில் பிடிமானமே இல்லாமல் மேலே பாரம் ஏறிக்கொண்டிருக்கும்.

பாரம் என்றால் எவ்வளவு என்பதையும் அவர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கிலோ. பக்கத்துக்கு 50 மீட்டர் உள்ள ஒரு சரிவில், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 62 சென்ட் நிலத்தில், 20 மில்லிமீட்டர் மழை பனியில் இறங்கினால் கூடும் எடை 50 டன். அந்த 50 டன்னும் சில மணி நேரத்தில் ஏறுகிறது. பனிக்குத் தன்னை இறுக்கிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, இறங்கும் தண்ணீர் பனித்துகள்களுக்கு நடுவே இருக்கும் பிணைப்பையும் கரைக்கிறது. காற்றோ ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மலைமுகட்டின் மறுபக்கத்தில் பாளம் பாளமாகக் கொட்டுகிறது. வானிலை அறிக்கையில் 30 சென்டிமீட்டர் என்றிருந்தால் காற்றுப்படாத பக்கத்தில் அதைப்போல் பல மடங்கு குவிந்திருக்கலாம். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் பெயர்கின்றன. ஏறுவதற்குச் சுவையாக இருப்பவையும் அவையே.

சண்டிகரில் இயங்கும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது என்பதையும், டேராடூன் வானிலை மையத்தின் மழை, பனி எச்சரிக்கையோடு சேர்த்து அதை எப்படிப் படிப்பது என்பதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ‘உத்தரகாசி, 3,000 மீட்டருக்கு மேல்’ என்று வருகிற எச்சரிக்கை ஒரு மாவட்டம் முழுவதற்குமானது. நம் கூடாரத்துக்கு மேலே உள்ள ஓடையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாவட்ட எச்சரிக்கையிலிருந்து நம் சரிவு வரைக்குமான இடைவெளியை அங்கே இருக்கிற வழிகாட்டிதான் நிரப்ப வேண்டும். தமிழில் அச்சிட்ட நான்கு பக்கக் கையேடு ஒன்றும் கொடுத்தார்கள். அதன் மொழிநடையில் சில இடங்களில் மொழிபெயர்ப்பு வாடை இருந்தாலும், படங்கள் தெளிவு.

மலைக்கு வருகிறேன். கேதார்காந்தா 3,810 மீட்டர் உயரம். எளிது என்று பெயரெடுத்தது. முதன்முதலாகப் பனியில் நடக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சாங்கிரியிலிருந்து ஜூடா கா தாலாப் என்ற ஏரி வரை காட்டு வழி நன்றாகவே போனது. அதன் பிறகு மேகம் இறங்கிவிட்டது. இரவில் கூடாரத்தின் மேல் விழுந்த பனி சரசரவென்று சறுக்கிப் போகாமல் சொத்தென்று ஒட்டிக்கொண்டது; விடியும்போது அது சொட்டத் தொடங்கியது. நடந்தால் மைக்ரோஸ்பைக்கின் அடியில் பனி கட்டிகட்டியாக அப்பிக்கொண்டு, நான்கடிக்கு ஒருமுறை தட்டிவிட வேண்டியிருந்தது. மேலே உள்ள சரிவிலிருந்து சிறு சிறு பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு, பின்னால் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியதை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். மேல்பனி ஈரமேறித் தளர்ந்துவிட்டதற்கு அது அடையாளம்.

குழுத் தலைவர் கோபிசெட்டிபாளையத்து இளைஞர். உச்சிச் சரிவு பார்த்திருக்கும் அதே திசையைப் பார்த்த, ஆனால் ஆபத்தில்லாத ஒரு சிறு மேட்டில் அவர் பள்ளம் தோண்டினார். பனியை 30 சென்டிமீட்டர் அகலமும் நீளமும் உள்ள தூணாக அறுத்து, பனி அள்ளும் ஷவலின் தகட்டை அதன் தலையில் வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, அடுத்து முழங்கையிலிருந்து பத்து, கடைசியாகத் தோளிலிருந்து பத்து என்று தட்டுவது முறை; எவ்வளவு சீக்கிரம் பெயர்கிறதோ அவ்வளவு பலவீனம். தோள்வரை போக வேண்டியிருக்கவில்லை. முழங்கைத் தட்டு தொடங்கிய சிறிது நேரத்திலேயே மேல் பாதி தூணிலிருந்து அப்படியே வழுக்கி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. அறுபட்ட முகத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேலே பிழிந்தால் நீர் வரும் பனி, அதன் கீழே பஞ்சு மாதிரி விரல் இறங்கும் அடுக்கு, அடியில் கையில் நிற்காமல் உதிரும் மணிகள். கோவையில் கரும்பலகையில் பார்த்தது அப்படியே இருந்தது. ஒரு மலையேற்ற நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த அரைமணி நேரம் அதுவென்றே சொல்வேன்.

உச்சிக்கு வழக்கமாக விடியலுக்கு வெகுநேரம் முன்பே, இரண்டு மூன்று மணிக்கெல்லாம் கிளம்புவார்கள். சூரிய உதயம் பார்ப்பதற்காக என்று விளம்பரங்களில் போட்டிருக்கும். இரவு உறைந்து இறுகிய பனியில் ஏறி, வெயில் அதை இளக்குவதற்குள் இறங்கிவிடலாம் என்பது அதைவிட முக்கியமான காரணம். மேகம் போர்வையாக மூடிய இரவில் பனி தன் வெப்பத்தை வானுக்கு விட முடியாமல் இளகியே கிடக்கும்போது, எவ்வளவு சீக்கிரம் எழுந்து கிளம்பினாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. எங்கள் குழுத் தலைவர் அன்றிரவு ஒவ்வொரு மணி நேரமும் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு, புறப்பாடு இல்லை என்று அறிவித்தார்.

பல்லடத்திலிருந்து வந்திருந்த விசைத்தறி முதலாளி ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. “ஏனுங் தம்பி, பக்கத்துக் கூடாரத்துக்காரங்க எல்லாம் மேல போறாங்களே, நம்ம மட்டும் எதுக்குங்க திரும்போணும்?” என்றார். குழுத் தலைவர் வாக்குவாதத்துக்குப் போகவில்லை. “அண்ணா, ராத்திரி தண்ணிப் பாட்டல வெளிய வெச்சிருந்தனுங்க. இந்தாங்க, ஆட்டிப் பாருங்க, ஒறையவே இல்லீங்க. பாட்டல்ல இருக்கற தண்ணியே ஒறையலீன்னா மேல பனி எப்படீங்க இறுகியிருக்கும்? அவிய போறது அவியளோட கணக்குங்க. எனக்கு அந்தச் சரிவு பிடிக்கலீங்க” என்று பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். முதலாளி அதை ஆட்டிப் பார்த்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தார்.

இதைவிடக் கடினமான மறுப்பு மறுநாள் வந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்து, வெயில் அடித்து, உச்சி கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. ஒதுக்கி வைத்த காலி நாள் கையில் இருந்தது. போயே தீர வேண்டும் என்று குழுவில் பெரும்பாலோர் நின்றார்கள். புயல் முடிந்த முதல் வெயில் நாள் புயல் நாளுக்குச் சற்றும் குறையாத ஆபத்துடையது என்பதைக் குழுத் தலைவர் பொறுமையாக விளக்கினார்: பாரம் இன்னும் அங்கேயே இருக்கிறது, அது இறுகுவதற்குள் வெயில் அதை இளக்கத் தொடங்குகிறது, மனிதர்களோ வெளிச்சத்தைக் கண்டு துணிச்சல் கொள்கிறார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அருகே மாணா கிராமத்தில் எல்லைச் சாலை அமைப்பின் முகாம் மீது பனிச்சரிவு இறங்கியபோது அங்கே இருந்த 54 தொழிலாளர்களில் 8 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நேரங்களில் கனத்த பனி பொழிந்திருந்தது. அவர்கள் சரிவில் ஏறிக்கொண்டிருந்தவர்கள்கூட இல்லை, தங்குமிடத்தில் இருந்தவர்கள் என்பதை அவர் நினைவூட்டினார். உச்சிக்குப் பதிலாக, சாய்வு குறைந்த புல்வெளி ஒன்றுக்கும் அடர்ந்த மரங்களுக்கு நடுவேயுள்ள பாதைக்கும் எங்களை அழைத்துச் சென்றார். குறுக்கே ஓர் ஓடைப்பள்ளம் வந்தபோது ஒருவர் கடந்து பத்திரமான இடத்தில் நின்ற பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும் என்றார். பள்ளத்தின் நடுவே நின்று படம் எடுக்க யாரையும் விடவில்லை.

மழைக்காலத்தில் பர்லியாறு, காட்டேரி பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் மலை ரயிலை நிறுத்தினால், நம் ஊரில் யாரும் ரயில்வேயோடு சண்டைக்குப் போவதில்லை. 2009 நவம்பரில் நீலகிரி என்ன பட்டது என்பது நமக்குத் தெரியும். பனியில் மட்டும் அந்தப் பக்குவம் நமக்கு இன்னும் வரவில்லை. கட்டிய பணத்துக்கு உச்சி என்று கணக்குப் போடுகிறோம். இந்த நிறுவனம் அந்தக் கணக்குக்குப் பணியாததற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. உச்சி தொட்டால் வழிகாட்டிக்கு ஊக்கத்தொகை என்று இவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. திரும்பினாலும் ஏறினாலும் ஒரே சம்பளம். உள்ளூர்ச் சுமைதூக்கிகளுக்கும் அப்படியே. இதை நான் அவர்களிடமும் கேட்டேன், சாங்கிரியில் உள்ளூர்க்காரர்களிடமும் விசாரித்தேன். இரண்டு பக்கமும் ஒரே பதில். வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அவர் சட்டைப்பையில் எதுவும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை ஒரு நிறுவனம் புரிந்துவைத்திருப்பது பெரிய விஷயம். அப்படியிருந்தும் அவர்களுடைய விளம்பரத் தட்டியில் ‘உச்சி தொட்டவர்கள் இத்தனை சதவீதம்’ என்ற வரி ஏன் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

குறைகளில் முதலாவது சின்னதன்று. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்சீவர் கருவி, மடக்கு துழாவுகோல், ஷவல் ஆகிய மூன்றும் வழிகாட்டிகளிடம் மட்டுமே இருந்தன. டிரான்சீவர் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்வார்கள். அப்படியானால், கருவி அணியாத பயணி புதைந்தால் வழிகாட்டியின் கருவியால் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. வழிகாட்டி புதைந்தால் தேடுவதற்குப் பயணிகளிடம் கருவி இல்லை. முழுதாகப் புதைந்தவர்களை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஈரப்பனி நின்றவுடன் இறுகிக் கெட்டியாகிவிடுவதால் வெறுங்கையால் தோண்டவும் முடியாது. கீழேயிருந்து மீட்புப் படை வந்து சேரும் காலத்தைப் பற்றிப் பேசவே இடமில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் மீட்புப் படை. ‘ஆபத்தான சரிவுக்கே நாங்கள் கூட்டிப்போவதில்லை, அதனால் எல்லோருக்கும் தேவையில்லை’ என்பது நிறுவனத்தின் பதில். அவர்களுடைய நிதானத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 2022 அக்டோபர் 4 அன்று அதே உத்தரகாசி மாவட்டத்தின் திரௌபதி கா தண்டாவில் பனிச்சரிவில் சிக்கியவர்கள் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். மலையை அறிந்தவர்கள் வழிநடத்திய குழுவிலேயே 27 உடல்கள் மீட்கப்பட்டன. தேர்ந்தவர் கணிப்பும் தவறக்கூடும் என்பதற்காகத்தான் கருவி இருக்கிறது.

வாடகைக் காலணியும் சரியில்லை. உலர்பனிக்கு அது போதும். ஈரப்பனியில் இரண்டாம் நாளே நனைந்துவிட்டது. வெப்பநிலை பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஈர நாளில், நனைந்த காலோடு காற்றில் நிற்பவரின் உடல் வெகுவேகமாக வெப்பத்தை இழக்கும் என்று அவர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. மாற்றுக் காலுறை இரண்டு சோடி கொண்டு வந்தவர்கள் தப்பித்தார்கள். காப்பீட்டில் மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் அடக்கமா என்ற கேள்விக்கு அலுவலகத்தில் ஒருவர் ஆம் என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொன்னார்கள். பத்திரத்தை வாங்கிப் படித்ததில் மீட்பு அடக்கமில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, ரசம் சூடாகவே கிடைத்தது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கோவையில் வகுப்பு இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. அதில் செய்முறை கிட்டத்தட்ட இல்லை. டிரான்சீவரை ஒரு பையில் போட்டு மணலிலோ மைதானத்திலோ ஒளித்துவைத்துத் தேடும் பயிற்சிக்குப் பனி வேண்டியதில்லை, வ.உ.சி. மைதானமே போதும். கைப்பேசியை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேடினால் அது சமிக்ஞையைக் குழப்பும் என்பது போன்ற சங்கதிகளைக் காதால் கேட்பதைவிடக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். சுபேதாரே மூன்றாவது மாலை ஒன்று வேண்டும் என்றுதான் சொல்கிறார்.

இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதியதற்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து விரும்பிக் கேட்கிற பயணிகளுக்கு மூன்று கருவிகளையும் தனி வாடகைக்குத் தருவதாகவும், ஒரு மாலை செய்முறைப் பயிற்சியைச் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். கருவி தனி வாடகை என்றால் குழுவில் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்த பாதிப் பேரும் எடுக்காதவரைத் தேட முடியாது. ஆகையால் அதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடும்படி மீண்டும் எழுதியிருக்கிறேன். அதற்கான பதில் இன்னும் வரவில்லை. சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், ஏறலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் விஷயத்தில் நான் அறிந்தவரை கோவையில் இவர்களைவிட நம்பகமானவர்கள் இல்லை. ஜனவரிக்குப் பதிவு செய்ய நினைப்பவர்கள் காலி நாள் உள்ள திட்டத்தையே தேர்ந்தெடுக்கட்டும். கருவி ஒவ்வொருவருக்கும் உண்டா, காப்பீட்டில் மீட்பு அடக்கமா என்ற இரண்டையும் முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். காலணியைச் சொந்தமாகக் கொண்டுபோகட்டும்.